மாற்றுச் சிகிச்சைக்குப் போகும் முன் ஒரு நோட்டு வாங்குங்கள்

என் மகன் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம் அவனால் வரப்பில் சேர்ந்தாற்போல் நாலடி நடக்க முடியாது. அவன் வயதுப் பிள்ளைகள் ஆட்டுக்குட்டி மாதிரி ஓடுவார்கள். இவன் இரண்டாவது அடியிலேயே வயலுக்குள் காலை விட்டுவிடுவான். சட்டைப் பொத்தான் போட வராது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டு போவதற்குள் பாதி மடியில் கிடக்கும். எழுத உட்கார்ந்தால் ஐந்து நிமிஷம்தான், அதற்குள் திண்ணை, கிணற்றடி, மாட்டுக்கொட்டகை என்று ஒரு சுற்று போய் வந்திருப்பான். பேச்சு மட்டும் மணி மணியாக வரும்.

ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். நானும் எதையும் விடவில்லை. வயிற்றில் சிக்கியதை எடுப்பதாகச் சொல்கிற தொக்கம் எடுத்தோம், வசம்பு இழைத்துக் கொடுத்தோம், வல்லாரை லேகியம், வர்மம், ஹோமியோபதி உருண்டை, டவுனில் மூளைத் திறன் வகுப்பு என்று இரண்டு வருஷம் ஓடியது. அவனிடம் கொஞ்சம் முன்னேற்றமும் இருந்தது. ஆனால் எதனால் என்று கேட்டால் இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. ஒரே நேரத்தில் நாலைந்தைச் சேர்த்துப் போட்டால் எப்படித் தெரியும்? அந்தக் குழப்பம் இப்போதுதான் இந்த வழியில் கால் வைக்கிற அம்மா அப்பாக்களுக்கு வரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். மாற்றுச் சிகிச்சையே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. எந்த வரிசையில் போவது, எப்படிச் சோதிப்பது, எங்கே நிறுத்துவது என்பதைச் சொல்கிறேன்.

முதலில், என்ன பிரச்சினை என்று தெரிந்துகொள்ளுங்கள்

கவனம் நிற்காமல், உடம்பு ஓர் இடத்தில் தங்காமல் இருப்பதை ஏடிஎச்டி என்கிறார்கள். கைகால் வேலைகள் வயதுக்கு ஏற்றபடி ஒழுங்காக வராமல் தடுமாறுவதை டிசிடி என்கிறார்கள், டிஸ்பிராக்சியா என்ற பேரும் உண்டு. இரண்டுமே 100 பிள்ளைகளில் ஏறக்குறைய ஐந்து பேருக்கு இருப்பவை. ஒன்று இருக்கிற பிள்ளைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மற்றதும் இருக்கிறது. சுவீடனில் கிறிஸ்டோபர் கில்பெர்க் என்ற மருத்துவர் 1980-களிலேயே இந்த இரண்டும் சேர்ந்து வருவதற்குத் தனிப் பேரே வைத்துப் பேசினார். அதனால் 'சேட்டை', 'சோம்பேறி', 'செல்லம் கொடுத்துக் கெடுத்த பிள்ளை' என்று யாராவது சொன்னால் மனசில் போட்டுக்கொள்ளாதீர்கள். இது வளர்ப்பினால் வந்ததில்லை.

எந்தச் சிகிச்சைக்கும் முன்னால் சில பரிசோதனைகளை முடித்துவிட வேண்டும். கண், காது இரண்டையும் பாருங்கள். கரும்பலகை தெரியாத பிள்ளையும் காது மந்தமான பிள்ளையும் கவனம் இல்லாத பிள்ளை மாதிரியேதான் தெரிவார்கள். ரத்தத்தில் இரும்புச்சத்து பாருங்கள். 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை இருந்தது. ரத்தசோகை உள்ள பிள்ளைக்குக் களைப்பும் எரிச்சலும் வரும், கவனமும் குறையும். ராத்திரி குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்து தூங்குகிறானா என்று கவனியுங்கள். மூக்குச் சதையோ டான்சிலோ வீங்கித் தூக்கம் கெட்டால் பகலில் ஆட்டமாக வெளிப்படும். பேசிக்கொண்டிருக்கும்போதே சில விநாடி வெறித்துப் பார்த்துவிட்டு, நடந்ததே தெரியாத மாதிரி மறுபடி தொடர்ந்தால் அது ஒருவகை வலிப்பாக இருக்கலாம், மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

இன்னொன்றை அழுத்திச் சொல்கிறேன். உங்கள் பையன் தரையிலிருந்து எழும்போது தன் தொடையிலேயே கையை ஊன்றி ஊன்றி எழுகிறானா, கெண்டைக்கால் வழக்கத்தைவிடத் தடித்திருக்கிறதா, மாடிப்படி ஏறத் திணறுகிறானா? அப்படியென்றால் எண்ணெய், மசாஜ், பயிற்சி எதையும் ஆரம்பிக்கும் முன் மருத்துவரிடம் காட்டி சிபிகே என்ற ரத்தப் பரிசோதனை வேண்டுமா என்று கேளுங்கள். தசைநோயின் அறிகுறிகள் இவை. அதே மாதிரி, நேற்றுவரை செய்துகொண்டிருந்த ஒன்றைப் பிள்ளை இன்று செய்ய முடியாமல் போனால் காத்திருக்காமல் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். ஏடிஎச்டியிலும் டிசிடியிலும் வந்த திறமை திரும்பிப் போகாது.

இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகாது. 2013-இல் மத்திய அரசு தொடங்கிய குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதிக்க ஏற்பாடு இருக்கிறது. அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு அதைச் சேர்ந்ததுதான். அவர்களிடம் சொன்னால் மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு எழுதிக் கொடுப்பார்கள். பெரும்பாலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அல்லது மாவட்டத் தலைமை மருத்துவமனை வளாகத்திலேயே இருக்கும். அப்புறம் உங்கள் ஒன்றியத்தின் வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரும் இயன்முறைப் பயிற்சியும் இலவசம். பள்ளித் தலைமை ஆசிரியரைக் கேட்டால் எந்த நாள் என்று சொல்வார். நான் இதைத் தெரிந்துகொண்டபோது வெளியே 40,000 ரூபாய் செலவாகியிருந்தது.

மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏடிஎச்டிக்கு மெத்தில்ஃபெனிடேட், ஆட்டமாக்செடின் போன்ற மருந்துகள் பெரும்பாலும் 6 வயதுக்கு மேல்தான் எழுதப்படுகின்றன. அதற்குக் கீழே பெற்றோருக்கான பயிற்சிதான் முதல் சிகிச்சை. மருந்து எடுப்பதும் எடுக்காததும் உங்கள் குடும்பமும் மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டியது. ஆனால் மருந்து எடுத்துக்கொண்டிருக்கிற பிள்ளைக்கு, மாற்றுச் சிகிச்சை ஆரம்பித்தோம் என்பதற்காக நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள். கொடுக்கிற லேகியத்தையும் சூரணத்தையும் அந்த மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

இரண்டாவது, நோட்டு

எங்கள் பகுதியில் புது விதை ஒன்று வந்தால் இருக்கிற நிலம் முழுக்க யாரும் போடுவதில்லை. முதலில் ஒரு மா நிலத்தில், 33 சென்ட்டில், போட்டுப் பார்ப்போம். பக்கத்து வயலில் பழைய விதை. தண்ணீர் ஒன்று, உரம் ஒன்று. அறுப்பில் தூற்றி அளந்து பார்த்தால் தெரிந்துவிடும். நெல்லுக்குச் செய்கிற இந்தக் காரியத்தை நாம் பிள்ளைக்குச் செய்வதில்லை. யாரோ ஒருவருக்குக் கேட்டது என்றால் அன்றைக்கே ஆரம்பித்துவிடுகிறோம்.

ஒரு 40 பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் எந்த மூன்று காரியம் மாற வேண்டும் என்று எழுதுங்கள். 'நல்லா இருக்கணும்', 'அறிவு வரணும்' என்று எழுதக் கூடாது. எண்ணக்கூடியதாக இருக்க வேண்டும். என் நோட்டில் இருந்தது இது: சாயந்தரம் ஆறு மணிக்கு எழுத உட்கார்ந்தால் எழாமல் எத்தனை நிமிஷம், சட்டையில் தானாகப் போட்ட பொத்தான் எத்தனை, சாப்பிடும்போது எத்தனை முறை சிந்தியது.

எதையும் ஆரம்பிக்காமல் இரண்டு வாரம் வெறுமனே எழுதுங்கள். இதைத்தான் எல்லோரும் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஆரம்பித்த பிறகு எழுதினால் எதோடு ஒப்பிடுவது? அதன் பிறகு ஒரே ஒரு சிகிச்சை, 12 வாரம். ஆரம்பிக்கிற அன்றே முடிகிற தேதியையும் எழுதிவிடுங்கள். முடிகிற தேதி எழுதவில்லை என்றால் வருஷக்கணக்கில் இழுத்துக்கொண்டே போகும், நிறுத்த மனசு வராது.

நம் கண்ணை நாமே முழுக்க நம்ப முடியாது என்பதற்கு ஒரு ஆய்வு சொல்கிறேன். 1994-இல் அமெரிக்காவில் சின்னப் பையன்களுக்குச் சர்க்கரையே இல்லாத பானத்தைக் கொடுத்துவிட்டு, அம்மாக்களில் பாதிப் பேரிடம் 'நிறையச் சர்க்கரை கொடுத்திருக்கிறோம்' என்றார்கள். அந்த அம்மாக்கள் தங்கள் பிள்ளை அதிகமாக ஆடியதாகச் சொன்னார்கள். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. எதிர்பார்த்தது கண்ணில் தெரிந்தது. நாம் காசும் நம்பிக்கையும் போட்டு ஆரம்பித்த சிகிச்சையிலும் இதே நடக்கும். அதனால் வகுப்பு ஆசிரியரிடம் புதிதாக எதையோ ஆரம்பித்தோம் என்று சொல்லாமல், வாரம் ஒருமுறை 'இந்த வாரம் எப்படி இருந்தான்?' என்று மட்டும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மருந்தாக இருந்தால் மட்டும் பள்ளிக்குத் தெரிய வேண்டும்.

இன்னொரு மயக்கமும் உண்டு. பிள்ளையின் நிலை மிக மோசமாக இருக்கிற வாரத்தில்தான் நாம் புது வைத்தியரைத் தேடி ஓடுவோம். கொள்ளிடத்தில் வெள்ளம் உச்சத்தில் இருக்கிற அன்றைக்கு எதைச் செய்தாலும் இரண்டு நாளில் தண்ணீர் இறங்கத்தான் செய்யும். இறங்கியதற்கு நாம் செய்தது காரணமா என்பது தனிக் கேள்வி. இரண்டு வாரக் கணக்கு கையில் இருந்தால் அந்த ஏற்ற இறக்கம் முன்பே தெரிந்திருக்கும். ஐப்பசி அடைமழையில் பள்ளி விடுமுறை விட்ட வாரம், பொங்கல் வாரம், பரீட்சை வாரம் இவற்றைத் தனியாக வட்டம் போட்டுவிடுங்கள், அவற்றை வைத்து முடிவு செய்யக் கூடாது.

மூன்றாவது, எதை முதலில் முயல்வது

எனக்கு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கக் கிடைத்தால், அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்குகிற ஆக்குபேஷனல் தெரபியைத்தான் முதலில் வைப்பேன். அதிலும் வேலையை நேராகப் பழக்குகிற முறையை. டிசிடிக்காகப் பல நாட்டு வல்லுநர்கள் சேர்ந்து 2019-இல் வெளியிட்ட பரிந்துரையும் அதைத்தான் சொல்கிறது: பிள்ளைக்கு எது வர வேண்டுமோ அதையே பழக்க வேண்டும். பொத்தான் வர வேண்டுமென்றால் பொத்தானைப் பழக்கு. ஊஞ்சலில் ஆட்டினால், தோலில் பிரஷ் தேய்த்தால், கண்ணை இப்படி அப்படி உருட்டினால் மூளை சரியாகி, பொத்தான் தானாக வந்துவிடும் என்கிற சுற்று வழிகளுக்கு அவ்வளவு ஆதாரம் இல்லை.

நாங்கள் போன மையத்தில் ஒரு இளம்பெண். முதல் நாள் என் நோட்டை வாங்கிப் பார்த்தார். "அம்மா, மூணும் வேணாம். ஒண்ணு சொல்லுங்க. இல்ல, நீங்க சொல்லாதீங்க, அவன் சொல்லட்டும்" என்றார். அவன் பொத்தான் என்றான். வகுப்பில் கேலி செய்கிறார்களாம், அதுவரை எனக்கே தெரியாது. அவர் அவனுக்கு நாலு கேள்வி கற்றுக் கொடுத்தார். என்ன செய்யப் போறே? எப்படிச் செய்வே? செஞ்சு பாரு. ஆச்சா, இல்லன்னா எங்க தப்பாச்சு? கனடாவில் ஹெலன் பொலட்டாய்கோ என்ற தெரபிஸ்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் உருவாக்கிய முறை அது என்று பின்னால் தெரிந்துகொண்டேன். பதிலை நாம் சொல்லிக் கொடுக்கக் கூடாது, பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும் என்பதுதான் அதன் உயிர்.

வீட்டில் அவன் அப்பாவின் பழைய சட்டையை மடியில் விரித்துக்கொண்டு உட்காருவான். பெரிய பொத்தான், தளர்ந்த ஓட்டை. ஒரு வாரம் போனதும் அவனே சொன்னான்: "அம்மா, மேலேர்ந்து போட்டா கண்ணுக்குத் தெரியல. கீழேர்ந்து போடுறேன்." கீழ்ப் பொத்தானில் ஆரம்பித்தால் கண்ணுக்கும் தெரியும், இரண்டு பக்கமும் ஏறுமாறாகப் போகாது. கட்டை விரலால் பொத்தானைத் தள்ளி, மறுகையின் இரண்டு விரலால் இழுக்க வேண்டும் என்பதும் அவன் கண்டுபிடித்ததுதான். நோட்டைப் பார்க்கிறேன், 23-ஆவது நாள் பள்ளிச் சட்டையில் ஐந்து பொத்தானும் தானாகப் போட்டிருக்கிறான். அன்று நான் எழுதிய எழுத்து கலங்கியிருக்கிறது.

வரப்புக்கும் அந்தத் தெரபிஸ்ட்தான் வழி சொன்னார். "வயல் இருக்கிற வீட்டுல பேலன்ஸ் பீம் எதுக்கும்மா வாங்கணும்?" சம்பா அறுத்த பிறகு, உளுந்து தெளிக்காத காய்ந்த வயலாகப் பார்த்து, அகல வரப்பில் ஆரம்பித்தோம். விழுந்தாலும் வைக்கோல் தாள்தான். முதலில் என் விரலைப் பிடித்துக்கொண்டு, பிறகு துண்டின் ஒரு நுனியை அவனும் மறுநுனியை நானும் பிடித்துக்கொண்டு, அப்புறம் தனியாக. மாசி, பங்குனி இரண்டு மாசத்தில் குறுக்கு வரப்பில் நடந்தான். இதே மாதிரி பாண்டி, ஐந்தாங்கல், பம்பரம், கோலப்புள்ளி எல்லாமே நல்ல பயிற்சி. ஆனால் எட்டுக் கட்டப் பாண்டியில் ஒரேயடியாக இறக்காதீர்கள். இரண்டு கட்டம், ஒரு காலில் நிற்கவே கொஞ்ச நாள். வெற்றி கிடைக்கிற அளவுக்குச் சின்னதாக்கிக் கொடுங்கள்.

ஊஞ்சல், பிரஷ் போன்றவற்றால் புலன்களைப் பழக்குகிற 'சென்சரி இன்டெக்ரேஷன்' என்பதைப் பல மையங்களில் சொல்வார்கள். அமெரிக்காவின் ஜீன் ஏர்ஸ் தொடங்கிய முறை. சில பிள்ளைகளுக்கு மனசு அமைதியாவதை நானே பார்த்திருக்கிறேன். ஆனால் கவனத்தையோ கைவேலையையோ அது மாற்றும் என்பதற்கு ஆதாரம் குறைவு, 2012-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கமும் அப்படித்தான் சொன்னது. நோட்டு வைத்து முயன்று பாருங்கள், 12 வாரத்தில் பலன் தெரியவில்லை என்றால் விடுங்கள்.

சிலம்பமும் மிருதங்கமும் நீச்சலும் சிகிச்சை இல்லை. ஆனால் உடம்புக்கும் தாளத்துக்கும் தன்னம்பிக்கைக்கும் உதவும். தவிலும் நாகஸ்வரமும் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம், தகதிமியைக் கையில் தட்டிச் சொல்ல வைக்க யாராவது ஒரு பெரியவர் கிடைப்பார். குழுவாக ஆடுகிற கபடி, கிரிக்கெட்டைவிடத் தன் வேகத்தில் பழகுகிற கலை இந்தப் பிள்ளைகளுக்கு எளிது. யோகாவும் கெடுதல் இல்லை, பிள்ளை விரும்பினால் போகட்டும்.

சாப்பாடு

மீன் எண்ணெய் மாத்திரையைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள். 2005-இல் இங்கிலாந்தில் டர்ஹம் பகுதியில் டிசிடி உள்ள 117 பிள்ளைகளுக்கு மூன்று மாதம் கொடுத்துப் பார்த்தார்கள். கைகால் ஒழுங்கில் மாற்றமே இல்லை, வாசிப்பிலும் எழுத்துக்கூட்டலிலும் நடத்தையிலும் கொஞ்சம் முன்னேற்றம் இருந்தது. பிறகு சாதாரணப் பள்ளிப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு ஒன்றில் சிறு பலன் தெரிந்தது, அதையே திரும்பச் செய்து 2018-இல் வெளியிட்டபோது தெரியவில்லை. விலை கூடிய மாத்திரைக்குக் காசு போடுவதைவிட வாரம் இரண்டு நாள் மத்தி மீன் வாங்குங்கள். நாகப்பட்டினத்திலிருந்து வருகிற மத்தியைவிட மலிவான ஒமேகா எங்கே இருக்கிறது?

நிறமூட்டிகளைப் பற்றிக் கொஞ்சம் எச்சரிக்கையாக இருக்கலாம். 2007-இல் சவுத்தாம்ப்டனில் 297 சாதாரணப் பிள்ளைகளிடம் நடந்த ஆய்வில் செயற்கை நிறமும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் சிலருடைய ஆட்டத்தைச் சற்றுக் கூட்டியது. அதனால்தான் 2010-இலிருந்து ஐரோப்பாவில் ஆறு நிறங்களுக்கு லேபிளில் எச்சரிக்கை போடுகிறார்கள். கலர் மிட்டாய், ரோஸ் கேக், கலர் சோடா இவற்றைக் குறைத்தால் நஷ்டம் ஒன்றும் இல்லை. ரோடமின்-பி என்ற துணிச்சாயம் கலந்ததற்காகத் தமிழ்நாடு அரசு 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயையே தடை செய்தது நினைவிருக்கும். ஆனால் சர்க்கரைதான் ஆட்டத்துக்குக் காரணம் என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்ப மறுத்திருக்கின்றன. பால், கோதுமை, முட்டை எல்லாவற்றையும் ஒரேயடியாக நிறுத்தச் சொல்கிறவர்களிடம் ஜாக்கிரதை. ஏற்கெனவே ஒல்லியாக இருக்கிற பிள்ளை இன்னும் இளைத்துப் போகும்.

நம்ம ஊர் வைத்தியங்கள்

வாய்க்கால் கரையில் வல்லாரை படர்ந்து கிடக்கிறது. துவையல் அரைத்துச் சாப்பாட்டில் கொடுங்கள், கீரையாக நல்லதுதான். அதையே நினைவாற்றல் லேகியம் என்று மருந்தளவில் மாதக்கணக்கில் கொடுப்பது வேறு. அதற்குப் படித்த சித்த மருத்துவர் வேண்டும். பி.எஸ்.எம்.எஸ். படிப்பு ஐந்தரை வருஷம், பதிவு எண் இருக்கும். அரசு மருத்துவமனைகளிலேயே சித்தா பிரிவு உண்டு, அங்கே போங்கள்.

கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: "இதில் பற்பமோ செந்தூரமோ சேருமா?" உலோகத்தையும் தாதுவையும் புடம் போட்டுச் செய்கிற பொடிகள் அவை. பேர் இல்லாத பொட்டலத்தில் மடித்துக் கொடுக்கிற பொடியைப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள். 2004-இல் பாஸ்டன் நகரக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்ததில் 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஏதாவது ஒன்றாவது இருந்தது. ஈயம் சின்னப் பிள்ளையின் மூளையைத்தான் தாக்கும், கவனத்தைத்தான் கெடுக்கும். கவனத்துக்காகக் கொடுக்கிற மருந்து அதையே பறித்துவிடக் கூடாது. ஏற்கெனவே நீண்ட நாள் கொடுத்திருந்தால் ரத்தத்தில் ஈய அளவு பார்க்க முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

வசம்புக்கு 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பேர். நானும் சுட்டு இழைத்துக் கொடுத்தவள்தான். ஆனால் அதில் உள்ள பீட்டா-அசரோன் என்ற பொருள் எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதால் அமெரிக்காவில் 1968-லேயே வசம்பை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். தினமும் நாக்கில் தடவுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது பாட்டியின் கை. அதை ஏன் நிறுத்த வேண்டும்? பிள்ளை நன்றாகத் தூங்கும். மூட்டைத் திருகக் கூடாது, கழுத்தை நொடிக்கக் கூடாது, மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடக் கூடாது, அவ்வளவுதான். வர்மம் என்று அழுத்தி வலியில் பிள்ளை அலறினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். தொக்கம் எடுப்பது, சூடு போடுவது இரண்டும் வேண்டவே வேண்டாம்.

திருவெண்காட்டுப் புதனுக்கும் கூத்தனூர் சரஸ்வதிக்கும் வைத்தீஸ்வரன் கோயிலுக்கும் நாங்களும் போய் வந்தோம், இன்றும் போகிறோம். அது எனக்குத் தெம்பு. கூட்டம் இல்லாத நாளாகப் பாருங்கள், ஒரு மணி நேரம் வரிசையில் நிற்க வைப்பது இந்தப் பிள்ளைக்குத் தண்டனை. கோயிலுக்குப் போகிற வழியில் தெரபி நாளைத் தவறவிட வேண்டாம்.

கதவிலேயே திரும்பி வர வேண்டியவை

கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்க வைக்கிற 'மிட்பிரைன்' வகுப்புக்கு நான் காசு கட்டினேன். மூன்றாவது நாள் என் மகனே சொல்லிவிட்டான், "மூக்குப் பக்கத்துல சந்து இருக்கும்மா, அதுல பார்க்கச் சொன்னாங்க" என்று. பிள்ளைக்குப் பொய் சொல்லக் கற்றுக் கொடுத்த வகுப்பு அது. ஸ்டெம் செல் ஊசி இந்தக் குறைகளுக்கு அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சையே இல்லை. 2017-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட நெறிமுறையும் ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர மற்றதற்கு அனுமதிக்கவில்லை. நிலத்தை அடமானம் வைத்துப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். தலையில் கம்பி ஒட்டி விளையாட வைக்கிற நியூரோஃபீட்பேக், போலிக் கருவியோடு ஒப்பிட்ட நல்ல ஆய்வுகளில் அதைவிட மேலாக வரவில்லை. இங்கிலாந்தில் 'டோர்' என்றொரு சமநிலைப் பயிற்சித் திட்டம் பெரிய விளம்பரத்தோடு நடந்து, பெற்றோர்கள் பெரும் பணம் கட்டி, 2008-இல் அந்த நிறுவனமே நொடித்துப் போனது. பணக்கார நாட்டிலும் நம்மைப் போன்றவர்கள்தான் ஏமாந்தார்கள்.

ஒரு மையத்துக்குள் நுழைந்தால் இதைக் கேளுங்கள்: என்ன படித்திருக்கிறீர்கள், ஆக்குபேஷனல் தெரபி என்றால் நாலரை வருஷப் பட்டமா? சிறப்புப் பயிற்றுநர், பேச்சுப் பயிற்சியாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவு எண் என்ன? நான் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா? வீட்டில் செய்ய என்ன கொடுப்பீர்கள்? எப்போது நிறுத்துவோம்? ஆறு மாதப் பணத்தை முன்கூட்டியே கட்டச் சொன்னாலும், 'முழுசாகக் குணமாகும்' என்று சொன்னாலும், உள்ளே விட மறுத்தாலும் வேறு இடம் பாருங்கள்.

தண்ணீர்

டெல்டாவில் இருக்கிறவர்களுக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியது. வழக்கமாக ஜூன் 12-இல் மேட்டூர் திறந்து சில நாளில் கல்லணைக்குத் தண்ணீர் வந்ததும் வீட்டு வாசல் வாய்க்காலெல்லாம் ஓட ஆரம்பித்துவிடும். யோசிக்காமல் பாய்கிற, கால் தடுமாறுகிற பிள்ளைக்கு நேற்றுவரை மணலாகக் கிடந்த இடம் இன்று ஆள் ஆழம் என்பது உறைக்காது. தண்ணீர் வருகிற வாரம் அவனைக் கையைப் பிடித்து அழைத்துப் போய், இந்தப் படிக்கு மேல் இறங்கக் கூடாது என்று காட்டுங்கள். மறுவாரம் மறுபடி காட்டுங்கள். நீச்சல் கற்றுக் கொடுங்கள், ஆனால் ஓடுகிற ஆற்றில் வேண்டாம். பெரியவர் ஒருவர் கை எட்டுகிற தூரத்திலேயே இருக்க வேண்டும்.

வீட்டில் பேசுவது, பிள்ளையிடம் கேட்பது

என் மாமியார் ஒரு நாள் கேட்டார்: "ஏம்மா, பொத்தான் போடச் சொல்லித் தர்றதுக்குப் போய் ஒரு தடவைக்கு 400 ரூபாயா?" நான் வாதாடவில்லை. "அத்தை, அடுத்த வாரம் நீங்களே கூட வாங்க" என்றேன். வந்தார், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். அன்றிலிருந்து அவன் சட்டையை அவர் மாட்டிவிடுவதில்லை. பள்ளிக்கு நேரமாகிறது என்று என் கை பரபரத்தாலும், "இருடி, அவனே போடுவான்" என்று என்னைத் தடுப்பார். நோட்டை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள், அண்ணன் தம்பி சண்டை பாதி குறையும்.

பள்ளிக்கு ஒரு குறிப்பு: 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் ஏடிஎச்டி தனியாக இல்லை, கற்றல் குறைபாடு இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு அதுவும் சேர்ந்து இருக்கிறதா என்று மதிப்பீட்டில் கேளுங்கள். பின்னால் பொதுத் தேர்வுச் சலுகைக்கு அந்தச் சான்றிதழ் தேவைப்படும்.

12 வாரம் முடிகிற அன்றைக்கு நோட்டோடு பிள்ளையின் பக்கத்தில் உட்காருங்கள். இதை நான் ரொம்பத் தாமதமாகத்தான் செய்தேன். அவனுக்கு ஒன்பது வயது. வாரத்தில் மூன்று சாயந்தரம் பஸ் ஏறித் தெரபி, இரண்டு சாயந்தரம் எழுத்துப் பயிற்சி. "உனக்கு எது பிடிச்சிருக்கு, எது வேணாம்?" என்று கேட்டேன். ரொம்ப நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னான்: "எனக்கு ஒரு நாளாவது பிள்ளைங்களோட ஆத்து மணல்ல விளையாடணும்மா. எல்லா நாளும் என்னை ரிப்பேர் பண்ணிக்கிட்டே இருக்கீங்க."

அடுத்த நாள் இரண்டு வகுப்பை நிறுத்தினேன். செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும் அவனுக்கு என்று எழுதி நோட்டில் கோடு போட்டேன். அந்த இரண்டு கட்டத்திலும் இன்றுவரை எதையும் எழுதவில்லை.